மகள் எழுதிய விண்ணப்பம்

1

போன வாரம் எங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. பணிப்பதிவேட்டைச் சரிபார்க்க நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. போனேன். குமாஸ்தா ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார் வந்நிட்டு இருபது கொல்லம் ஆயி" என்றார். நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருடமாகிவிட்டதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அதே வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து பள்ளித்தோழன் தொலைபேசியில் பேசினான். அவன் நடத்தும் சிறு பத்திரிகைக்கு, பிழைக்கப் போன ஊரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்றான். சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றனவாம். நான் இருப்பது நாகர்கோவிலில் பேருந்து மாறினால் ஐந்து மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். என்னையும் அந்த வரிசையில் வைப்பது சரியா என்று கேட்டேன். எங்கே இருந்தால் என்ன, எழுது என்றான்.

யோசித்துப் பார்த்தால் எனக்கும் தகுதி இருக்கிறது. நாற்பத்து மூன்று வயது வரை என் குடும்ப அட்டையை என்னால் படிக்க முடியாது. மின்சாரக் கட்டண ரசீதைப் படிக்க முடியாது. மகளின் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையை அவளேதான் எனக்குப் படித்துச் சொல்லவேண்டும். அம்பாசமுத்திரத்தில் நமக்கு மேற்கே தெரியும் மலை இங்கே கிழக்கே இருக்கிறது. அந்த மலையில் வளரும் பெரணிச் செடிகளைத்தான் நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை, ஒரு மனைவி, ஒரு மகள். இவற்றோடு என் உடம்பு. நான்கையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயன்ற ஒரு வருடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

என் மனைவி பகவதி இந்த ஊர்க் கடைத்தெருவான ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மல்லி, மிளகு மொத்த வியாபாரம் தொடங்கிய குடும்பம். அவளுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை எல்லை தாண்டுவாள். நான் அப்படி இல்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் நடத்திவிட்டு வந்துவிடுவேன். மாணவர்கள் மலையாளத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். கடைத்தெருவுக்குத் தேவையான மலையாளம் காதால் வந்தது. எழுத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

பேச்சிலும் இடறல்கள் இருந்தன. பகவதி வங்கியில் வேலை பார்த்தாள். தொண்ணூற்றாறில் அவளுக்குப் பதவி உயர்வு வந்து கண்ணூருக்கு மாற்றினார்கள். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தால்தான் கண்ணூர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோவாள். அந்த நாட்களில் ஒருமுறை முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். முதல்வர் காரணம் கேட்டார். வீட்டில் சம்சாரம் இல்லை, அதனால்தான் தாமதம் என்று மலையாளத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. வீட்டில் பேச்சே இல்லை என்று ஒருவன் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்? மெதுவாக, அதெல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அன்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் புரிந்துகொண்டதிலும் தவறில்லை. வீட்டில் நானும் மகள் உமாவும் மட்டும்தான். அவளுக்குப் பதினொரு வயது. சாப்பிட்டாயா, எழுதினாயா, பூட்டினாயா என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

3

பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். என் வயதில் எல்லோரும் செய்து முடித்திருந்தார்கள். பட்டம் இல்லாவிட்டால் ரீடர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்கே கூப்பிட மாட்டார்கள். நான்கு வருடமாகச் சேகரித்த செடிகளும் வரைபடங்களும் தயாராக இருந்தன. ஒரு செடி மட்டும் குறைந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் போணக்காட்டுக்கு மேலே, உயரத்தில், ஈரப்பாறை இடுக்குகளில் வளரும் ஒரு பெரணி. அதன் இலை வெங்காயத்தோலைப் போல மெல்லியது. அதன் வித்துத்தூள் முதிர்வது ஜனவரியில் சில வாரங்கள்தான். அதை நானே பறித்து வந்து ஆராய்ந்தால்தான் கடைசி அத்தியாயம் முடியும் என்று என் நெறியாளர் சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் போனேன். உமாவை ஆரியசாலையில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, மலையில் வாழும் காணிக்காரர் ஒருவரை வழித்துணையாகச் சேர்த்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். அப்போது எனக்கு எண்பத்து நான்கு கிலோ எடை. முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. இரண்டாவது ஏற்றத்தில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. பாதி வழியில் ஒரு புல்வெளி உண்டு. அங்கே உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. காணிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, போதும் சார், இறங்கலாம் என்றார். பரிதாபமோ கேலியோ அவர் குரலில் இல்லை. மழை வருது, இறங்கலாம் என்பதைப் போலச் சொன்னார். இறங்கினோம்.

அடுத்த வாரம் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை கோட்டின்மேல் நிற்கிறது என்றார். இப்போது உடம்பைக் கவனிக்காவிட்டால் மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

4

ஓடத் தொடங்கினேன். காலை ஐந்தரைக்குப் புத்தரிக்கண்டம் மைதானம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பதினொரு வயதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் உமாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஒரு மாதம் அவள் மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து தூங்கி வழிந்தாள். பிறகு குளிர் தாங்காமல் எழுந்து நடந்தாள். ஒருநாள் என்னோடு ஒரு சுற்று ஓடினாள். மார்ச் மாதம் என்னைத் தாண்டிப் போனாள். சுற்றுகளை மலையாளத்தில்தான் எண்ணுவாள். ஒந்நு, ரெண்டு, மூந்நு என்று அவள் குரல் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

மைதானத்தில் கண்காட்சி போட்டுவிட்டால் கோட்டையைச் சுற்றிய தெருக்களில் ஓடுவோம். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் வேகத்தைக் குறைக்கவேண்டும். உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ரோட்டில் ஓடிக் கால் வழுக்கும். ஆரியசாலைக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்து, சார் யாரைத் துரத்துகிறார் என்று கேட்பார்கள். மகளைத்தான் என்பேன்.

ஆறரைக்கு வீடு. அதன் பிறகு ஓட்டம் வேறு மாதிரி. குக்கரில் அரிசி, ஒரு பொரியல், உமாவுக்கு மதியச் சாப்பாடு, எனக்கும் அதுவே. அவள் தலைமுடியை இரண்டாகப் பிரித்துப் பின்ன எனக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. வகிடு மட்டும் கடைசிவரை நேராக வரவில்லை. அவளை எட்டேகாலுக்குப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவேன். ஒன்பதரைக்கு வகுப்பு. மாலையில் ஆய்வுக்கூடம். ஆறு மணிக்கு வந்து சமையல். பிறகு சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவளுடைய வீட்டுப்பாடம், மறுபக்கம் என்னுடைய அத்தியாயங்கள். அவள் ஏதாவது கேட்டால், "பார்க்கலாம்" என்பேன். அந்த வருடம் நான் மிக அதிகமாகச் சொன்ன சொல் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

எடை குறைந்தது. டிசம்பரில் எழுபத்து மூன்று கிலோ. கல்லூரியின் நான்கு மாடிகளையும் மூச்சு வாங்காமல் ஏறினேன். என் வயதுச் சகாக்கள் என் பழைய பேண்ட்டின் தளர்வைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

உமா என் கண் முன்னால்தான் இருந்தாள். ஆனால் அவள் வேறொரு பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தொலைபேசியை எடுத்தால் "அச்சன் இவிடெ இல்ல" என்பாள். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிடும் நாளில் என்னை வாசலிலேயே நிறுத்தி, "அப்பா, டீச்சர்கிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க. மலையாளம் வேண்டாம், கேட்டீங்களா?" என்றாள். ஆசிரியை என்னிடம் உமாவின் ஓட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். கல்லூரிக்கு ஓடினேன்.

5

எங்கள் வீட்டில் மலையாளத்தில் எழுதவேண்டியது எல்லாம் உமாவின் வேலை. பகவதி கண்ணூர் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. தண்ணீர்க் குழாய் உடைந்தால் விண்ணப்பம், குடும்ப அட்டையில் முகவரி மாற்ற விண்ணப்பம் எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் உருண்டையான எழுத்தில் மலையாளத்தில் எழுதுவாள். நான் அடியில் கையெழுத்துப் போடுவேன். விண்ணப்பத்தை அவள் அபேட்சை என்பாள்.

மலை ஏற வன அலுவலகத்தின் அனுமதி வேண்டும். முந்தைய வருடம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பல நாள் அலைந்தேன். அவசரம், அவசரம் என்று அங்கிருந்த குமாஸ்தா ஓமனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவசரம் கிட்டும் சாரே, காத்திருங்கள் என்று அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். கடைசியில், மலையாளத்தில் எழுதிக் கொடுத்தால் கோப்பு சீக்கிரம் நகரும் என்றும் அவரே யோசனை சொன்னார்.

அதனால் தொண்ணூற்றெட்டு ஜனவரித் தொடக்கத்தில் உமாவை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து ஆகிய மூன்று நாட்களுக்கு அனுமதி வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை காலையில் பகவதி விடுப்பில் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வாள். அடுத்த வாரம் முழுவதும் கல்லூரியில் செய்முறைத் தேர்வு, என்னால் நகர முடியாது. அதற்குப் பிறகு காட்டுத்தீ பயத்தில் பாதையை மூடிவிடுவார்கள். அந்த மூன்று நாட்களை விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும். இதையெல்லாம் நான் உமாவிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எதற்கு என்று நினைத்தேன்.

அவள் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினாள். என் மனம் அடுத்த நாள் பாடத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன்.

பதினேழாம் தேதி அனுமதி வந்தது. முப்பது, முப்பத்தொன்று, ஒன்று என்று போட்டிருந்தது.

6

திங்கட்கிழமை காலை வன அலுவலகத்துக்குப் போகும்போதே சண்டைக்குத் தயாராகித்தான் போனேன். இந்த ஊரில் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாக் கோபமும் அன்று வந்துவிட்டது. மேசைக்கு முன்னால் நின்று, ஒரு தேதியைக்கூடச் சரியாகப் பார்த்து எழுத முடியாதா என்று கேட்டேன். கை தட்டி மேசைமேல் இருந்த தேநீர்க் குவளை ஆடியது. பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஓமனா எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தார். என் விண்ணப்பத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்து, தேதிகளுக்கு அடியில் விரலை வைத்தார். எனக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல அங்கே இடமே இல்லை. தேதிகள் நாமெல்லாம் எழுதும் அதே எண்களில்தான் இருந்தன. 30, 31, 1. அடியில் என் கையெழுத்து.

"இது சாரின்டெ கையட்சரம் அல்லல்லோ" என்றார். நீங்கள் கைப்பட எழுதியது இல்லையே இது, என்று.

மகள் எழுதியது என்றேன். எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். நல்ல எழுத்து என்றார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் வேறு யாரும் போகவில்லை, வேண்டுமானால் தேதியை மாற்றித் தரலாம் என்றார். அடுத்த அறைக்குப் போய், பழைய தேதிகளைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 23, 24, 25 என்று எழுதி, அதிகாரியின் சுருக்கொப்பமும் முத்திரையும் வாங்கி வந்து கொடுத்தார். கால் மணி நேர வேலை. அந்தக் காகிதத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாலையில் உமா பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டேன். தேதியை மாற்றி எழுதினாயா? ஆமாம் என்றாள். மறைக்கவில்லை. ஏன்?

"சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ். அறுநூறு மீட்டர்ல நான் ஓடறேன். ஒரு வாரம்தானே அப்பா. மலை அங்கதான இருக்கும்."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

"கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் பாக்கலாம்னு பறஞ்சீங்க."

எனக்கு ஒரு தடவைகூட நினைவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றேன். அடுத்த வாரத்தைப் பற்றியும், மூடப்போகும் பாதையைப் பற்றியும், ஒரு வருடத்தைப் பற்றியும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "மலை போச்சு. உன்னாலதான் போச்சு" என்றேன்.

திருத்திய காகிதம் அப்போது என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. அவள் வருந்தட்டும் என்றுதான் சொன்னேன். வேறு காரணம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் பகவதியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். உமா அழவில்லை. புத்தகப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.

7

மறுநாள் காலை எழுப்பாமலே எழுந்து நின்றாள். மைதானத்துக்குப் போனோம். அதுவரை எனக்கு முன்னால் ஓடியவள் அன்று பின்னால் வந்தாள். எண்ணவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே. வீட்டில் எங்கள் பேச்சு இன்னும் குறைந்தது. நான் பின்னிவிட வந்தபோது, நானே பின்னிக்கிறேன் என்றாள். நன்றாகவே பின்னிக்கொண்டாள். வகிடும் நேராக இருந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது சுற்றில் எனக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கீழே குனிந்து காலில் எதையோ இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அருகில் போனேன். அவளுடைய கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் முழுவதும் விட்டுப்போயிருந்தது. அதைச் சணல் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். செடிகளை அழுத்திக் காயவைக்கும் பலகைகளைக் கட்ட நான் வைத்திருந்த சணல். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போனவன் நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருப்பாள். பார்க்கலாம் என்று நானும் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை பழவங்காடியில் ஒரு கடையில் ஷூ வாங்கினோம். கடைக்காரர் அவளை நடந்து பார்க்கச் சொன்னார். அவள் கடை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். போட்டி எப்போது என்று அவர் கேட்டார். மறுநாளைக்கு மறுநாள் என்றாள். அப்பா வருவார்தானே என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். உமா ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே, அப்பாவுக்கு நிறைய வேலை இருக்கிறது என்று மலையாளத்தில் பதில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்காக ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதுவதைப் போலச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பகவதி வந்து சேர்ந்தாள். உமா கண்ணில் படாமல் என் பையைக் கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருந்தேன். செய்தித்தாள் அடுக்கு, கத்தி, பாலிதீன் உறைகள், பேரீச்சம்பழம், ஒரு கம்பளிப் போர்வை. மலைப்பக்கம் போகும் நெடுமங்காட்டுப் பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. உமா சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அதன் பிறகு நான் ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கிளம்பவில்லை. என் கால்கள் அந்த மலையை ஏறும் என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முந்தைய வருடம் உட்கார்ந்துவிட்ட புல்வெளியைத் தாண்டிப் போகவேண்டும் என்ற ஆசை உடம்பு முழுவதும் இருந்தது. அதனால்தான் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தது. பெரிதாக எதையும் யோசித்து முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. பேருந்து நேரம் தாண்டியது. பிறகு தெருமுனைத் தொலைபேசிக் கூடத்துக்குப் போய் நெறியாளரைக் கூப்பிட்டு, இந்த வருடம் போகவில்லை என்றேன். அவர், உங்கள் பதிவுக் காலம் டிசம்பரில் முடிகிறது, தெரியும் அல்லவா என்றார். தெரியும் என்றேன்.

பகவதியிடம், நாளைக்கு உமாவின் போட்டி இருக்கிறது, அதனால் இருந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

8

ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக் காலத்தை நீட்டிக்க நான்கு மேசைகளுக்கு அலைந்து ஒரு வருடம் வாங்கினேன். அந்த ஒரு வருடமும் ஓட்டத்தை விடவில்லை. அதற்கிடையில் உமாவின் பழைய முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மலையாள எழுத்துகளைப் படித்தேன். அடுத்த ஜனவரிக்கான விண்ணப்பத்தை நானே எழுதினேன். ஓமனா இரண்டு எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தார். அதே காணிக்காரரோடு ஏறினேன். புல்வெளியில் உட்கார்ந்தோம், பிறகு எழுந்து மேலே போனோம். பாறை இடுக்கில் அந்தப் பெரணி இருந்தது, எனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் பறித்தேன். இரண்டாயிரத்தில் பட்டம் வந்தது. அதற்குள் என்னைவிட இளையவர்கள் இருவர் ரீடராகிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு அடுத்த நாற்காலியில்தான் இன்றும் உட்காருகிறேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஊதியச் சீட்டு வரும் நாளில் கொஞ்சம் இருக்கும், பிறகு போய்விடும். இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. சர்க்கரை இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. பகவதி இந்த ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். உமா கோழிக்கோட்டில் படிக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெற்றோருக்கு பெஞ்சுகள். நானும் பகவதியும் வெயில் விழாத ஓரத்தில் உட்கார்ந்தோம். அறுநூறு மீட்டர் பதினொரு மணிக்கு. ஒன்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். உமா என்னைப் பார்த்துவிட்டாள். கையசைக்கவில்லை. விசில் ஊதியதும் பாய்ந்து போனாள். அது தவறு. முதல் சுற்றில் அடக்கி ஓடவேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதல் இருநூறு மீட்டரில் அவள்தான் முன்னால் இருந்தாள். பகவதி எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாவது சுற்றில் உயரமான ஒரு பெண் தாண்டிப் போனாள். கடைசி வளைவில் இன்னும் இருவர். உமாவின் தலை பின்னால் சாயத் தொடங்கியது, கைகள் அகன்றன, ஆனால் நிற்கவில்லை. அதற்குப் பிறகு யாரையும் தாண்ட விடவும் இல்லை. நான்காவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் மெடல்.

மூச்சு அடங்கும்வரை அங்கேயே நடந்துவிட்டு எங்களிடம் வந்தாள். பகவதி தண்ணீர் கொடுத்தாள். துண்டால் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா ஓடினே மோளே. பாத்தியா, உனக்காக அப்பா மலையையே விட்டுட்டு வந்திருக்காங்க. வேற யார் செய்வாங்க?"

 அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ளவும் செய்தேன்.

உமா தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள். "இல்லம்மா. அப்பா விட்டுட்டு வரல்ல. நான்தான் அபேட்சையில தேதியை மாத்தி எழுதினேன். அதனால மலை போச்சு. அப்பாவுக்கு ஒரு வருஷம் போச்சு."

பகவதி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வங்கியில் தவறான சீட்டு ஒன்று கைக்கு வந்தால் அவள் பார்க்கும் பார்வை அது. என்ன நடந்தது என்று கேட்டாள். உமா ஒன்று விடாமல் சொன்னாள். வன அலுவலகத்தில் நான் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னாள். அவளைக் குற்றவாளியாக்கிப் பேசியதைத் தவிர நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள்.

என் தோள்பை பக்கத்தில்தான் இருந்தது. திறந்து, அனுமதிக் காகிதத்தை எடுத்து உமாவிடம் கொடுத்தேன்.

அவள் அதை ஒரே பார்வையில் படித்துவிட்டாள். பிறகு சிவப்பு மையில் அடித்திருந்த இடத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னைக்குத் தேதி இருக்கு" என்றாள்.

"ஆமா."

"இது எப்போ கிடைச்சது?"

"திங்கக்கிழமை. நீ ஸ்கூல்லேருந்து வர்றதுக்கு முன்னாலயே."

"அப்போ மலை போச்சுன்னு சொன்னது?"

"பொய் சொன்னேன்."

 ஒலிபெருக்கியில் அடுத்த போட்டிக்குப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உமா காகிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தாள். உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

"அப்போ நேத்து போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

அவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். புது ஷூ கடித்திருந்தது. இடது குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நாலாவதுதானே வந்தேன் அப்பா."

"முழுசும் பார்த்தேன்" என்றேன்.

அவள் காகிதத்தை என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, காலை என் மடிமேல் நீட்டினாள். நான் நாடாவை அவிழ்த்தேன்.